கவுன்சில் ஹாலை நம் சங்கம் லீசுக்கு எடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தில் ஒரு குடியிருப்போர் சங்கத்துக்குச் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தேன். கவுன்சிலுக்கு, அதாவது உள்ளாட்சி நிர்வாகத்துக்கு, சொந்தமான ஒரு சமூகக் கூடத்தை அந்தச் சங்கம் லீசுக்கு எடுத்தது. அதற்குப் பிறகு மற்ற சங்கங்களில் இருப்பவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இவை. நான் சொலிசிட்டர் (வக்கீல்) இல்லை. கையெழுத்துப் போடுமுன் ஒரு சொலிசிட்டரைப் பாருங்கள். ஆனால் அவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போனால் அவருடைய பில் குறையும். இங்கே சொல்லும் சட்டம் எல்லாம் இங்கிலாந்துக்கு உரியது. ஸ்காட்லாந்தில் நிலச் சட்டமே வேறு.

கவுன்சில் ஏன் திடீரென்று ஹாலை நம்மிடம் கொடுக்கப் பார்க்கிறது?

பெரும்பாலும் பணம்தான் காரணம். கூடத்தை நடத்த ஆள், மின்சாரம், பராமரிப்பு என்று செலவு ஓடுகிறது. மூடினால் கெட்ட பெயர். கொடுத்துவிட்டால் இரண்டும் தீரும். கொள்கை அளவிலும் ஒரு நியாயம் உண்டு. லூவிஷம் கவுன்சிலின் தலைமை நிர்வாகியாக இருந்த பேரி குவர்க் தலைமையில் 2007-இல் அரசுக்காக ஓர் ஆய்வு நடந்தது. பொதுக் கட்டிடங்களை மக்கள் அமைப்புகளிடம் கொடுப்பதில் ஆபத்துகள் உண்டு, ஆனால் அவற்றைச் சமாளிக்க முடியும் என்று அது சொன்னது. 'சமூகச் சொத்து மாற்றம்' என்ற பேச்சு கவுன்சில்களில் பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டு காரணங்களில் உங்கள் கவுன்சிலை எது ஓட்டுகிறது என்று கண்டுபிடியுங்கள். செலவைத் தள்ளிவிடத்தான் வருகிறார்கள் என்றால் பேரம் பேச உங்களுக்கு இடம் அதிகம். அவர்களுக்கு அவசரம், உங்களுக்கு அவசரம் இல்லை.

"பெப்பர்கார்ன்" வாடகை என்கிறார்கள். இலவசம்தானே?

பெப்பர்கார்ன் என்றால் ஒரு மிளகு. கைமாறாக ஏதாவது ஒன்றைக் கொடுத்தால்தான் ஒப்பந்தம் செல்லும் என்பதால், பெயருக்கு ஆண்டுக்கு ஒரு மிளகு என்று எழுதுவது ஆங்கிலேயச் சட்டத்தில் பழைய வழக்கம். அந்த மிளகையும் யாரும் வந்து கேட்பதில்லை.

வாடகை இலவசம், சரி. கட்டிடம் இலவசமில்லை. இத்தகைய லீசுகள் பலவற்றில் பழுதுபார்ப்பு முழுக்கச் சங்கத்தின் தலையில் விழும். கூரை, பாய்லர், வடிகால், சுவர், ஜன்னல் எல்லாம் அதில் அடக்கம். காப்பீட்டைக் கவுன்சில் எடுத்துவிட்டு பில்லை உங்களுக்கு அனுப்பும். இதை முழுப் பழுது-காப்பீட்டு லீஸ் என்பார்கள். எங்கள் கமிட்டியில் மூன்று கூட்டங்கள் வாடகையைப் பற்றியே பேசினோம். கூரையைப் பற்றிப் பத்து நிமிடம்கூடப் பேசவில்லை. வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

சந்தை வாடகையைவிடக் குறைவாகக் கொடுக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டா?

உண்டு, ஆனால் வழிமுறை இருக்கிறது. 1972 உள்ளாட்சிச் சட்டத்தின் 123-ஆம் பிரிவின்படி, நிலத்தையோ கட்டிடத்தையோ கைமாற்றும்போது நியாயமாகக் கிடைக்கக்கூடிய அதிகபட்ச மதிப்பை வாங்க வேண்டும். ஏழு வருடமோ அதற்குக் குறைவோ ஆன லீசுக்கு இந்த விதி பொருந்தாது. அதற்கு மேலே போனால் 2003-இல் வந்த பொது அனுமதி கைகொடுக்கும். அந்தப் பகுதியின் பொருளாதார, சமூக அல்லது சுற்றுச்சூழல் நலனுக்கு உதவும் என்றால், 20 லட்சம் பவுண்டு வரை மதிப்பைக் குறைத்துக் கொடுக்கலாம். அமைச்சரிடம் தனியாகப் போக வேண்டியதில்லை. பாரிஷ் கவுன்சிலுக்கு (ஊர் அளவிலான சிறிய கவுன்சில்) இதே போன்ற விதி 127-ஆம் பிரிவில் இருக்கிறது.

கவுன்சில் குடியிருப்பு வளாகத்துக்குள் இருக்கும் ஹால் என்றால் ஒரு சிக்கல் வரலாம். அந்த நிலம் வீட்டுவசதிக்காக வைத்திருக்கும் நிலமாக இருந்தால் 123 பொருந்தாது. 1985 வீட்டுவசதிச் சட்டத்தின் 32-ஆம் பிரிவைப் பார்க்க வேண்டும். "இந்த ஹால் எந்தக் கணக்கில் இருக்கிறது?" என்று முதல் சந்திப்பிலேயே கேளுங்கள். அதிகாரி முழித்தால் அவர்களே இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஆறு மாதம் கழித்து அவர்களுடைய சட்டப் பிரிவு இதைக் கண்டுபிடித்துக் கோப்பை நிறுத்திவைப்பதைவிட, இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் லைசன்ஸ் தருகிறோம், பிறகு லீஸ் பார்க்கலாம் என்கிறார்கள். வாங்கலாமா?

லைசன்ஸ் என்பது உபயோகிக்க அனுமதி, அவ்வளவுதான். நிலத்தில் உங்களுக்கு எந்த உரிமையும் வராது. ஹாலை நடத்திப் பார்க்க ஆறு மாதம் வேண்டும் என்றால் மோசமில்லை. ஆனால் அந்த ஆறு மாதத்தில் உங்கள் பணத்தைப் போட்டுச் சமையலறையை மாற்றாதீர்கள்.

காகிதத்தின் தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து மட்டும் சட்டம் முடிவு செய்வதில்லை. 1985-இல், அப்போது உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை தீர்த்த ஸ்ட்ரீட் எதிர் மவுண்ட்ஃபோர்ட் வழக்கில் லார்ட் டெம்பிள்மன் சொன்னதன் சாரம் இது: ஐந்து பல் வைத்துத் தோண்டும் கருவியைச் செய்துவிட்டு, அதற்கு மண்வெட்டி என்று பெயர் வைத்தாலும் அது முள்கருவிதான். வேறு யாரும் நுழைய முடியாத தனி அனுபோகம், குறித்த காலம், வாடகை இவை இருந்தால் அது பெரும்பாலும் குத்தகைதான், தலைப்பில் லைசன்ஸ் என்று இருந்தாலும். அதனால்தான் கவுன்சில் வக்கீல்கள் லைசன்சில் "எந்த நேரமும் கவுன்சில் உள்ளே வரலாம், வேறு குழுக்களுக்கும் நேரம் ஒதுக்கலாம்" என்று வரி வரியாக எழுதுவார்கள். அந்த வரிகளைச் சும்மா எழுதியது என்று தாண்டிப் போகாதீர்கள்.

எத்தனை வருடம் கேட்க வேண்டும்?

உங்கள் திட்டத்தைப் பொறுத்தது. ஹாலை இருக்கிறபடியே நடத்தினால் போதும் என்றால் ஐந்தோ ஏழோ வருடம் போதும். ஏழுக்கு மேல் போனால் லீஸை நிலப் பதிவகத்தில் பதிய வேண்டும், வேலையும் செலவும் கூடும். கூரை மாற்றவோ லிஃப்ட் வைக்கவோ வெளியிலிருந்து நிதி கேட்கப் போகிறீர்கள் என்றால் குறுகிய லீஸ் உதவாது. நாளைக்குக் கைவிட்டுப் போகும் கட்டிடத்தில் பணம் போட நிதி கொடுப்பவர்கள் யோசிப்பார்கள். 25 வருடம் கேட்கும் சங்கங்கள் நிறைய இருப்பது அதனால்தான்.

நீண்ட லீஸ் என்றால் நடுவில் வெளியேறும் உரிமை கண்டிப்பாக வேண்டும். அது உங்களுக்கு மட்டும் இருக்க வேண்டும். இருவருக்கும் இருந்தால், 25 வருட லீஸ் என்பது நோட்டீஸ் காலம் எவ்வளவோ அவ்வளவுதான். வெளியேறுவதற்கான நிபந்தனைகளையும் படியுங்கள். "எல்லா ஒப்பந்தக் கடமைகளையும் நிறைவேற்றியிருந்தால் மட்டும்" என்று இருந்தால், ஒரு சுவருக்குப் பெயின்ட் அடிக்கவில்லை என்பதைக் காட்டியே தடுத்துவிடலாம்.

"1954 சட்டப் பாதுகாப்பிலிருந்து விலக்கு" என்று ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா?

பயம் வேண்டாம், புரிந்துகொண்டு கையெழுத்துப் போடுங்கள். 1954 நில உரிமையாளர்-குத்தகைதாரர் சட்டத்தின் இரண்டாம் பகுதி வியாபாரக் குத்தகைக்கு என்று சொல்லப்பட்டாலும், ஒரு சங்கம் நடத்தும் செயல்பாடுகளையும் அது உள்ளடக்கும். காலம் முடிந்த பிறகும் தொடர்ந்து இருந்து புதுக் குத்தகை கேட்கும் உரிமையை அது தருகிறது. சட்டம் சொல்லும் குறிப்பிட்ட காரணங்கள் இருந்தால்தான் உரிமையாளர் மறுக்க முடியும்.

கவுன்சில்கள் பெரும்பாலும் இந்த உரிமையை விட்டுக்கொடுக்கச் சொல்லும். அதற்கு எச்சரிக்கை நோட்டீஸ் கொடுக்க வேண்டும், நீங்கள் உறுதிமொழி தர வேண்டும். நோட்டீசுக்கும் ஒப்பந்தத்துக்கும் நடுவில் 14 நாள் இருந்தால் சாதாரண உறுதிமொழி போதும். இல்லையென்றால் வேறொரு சொலிசிட்டர் முன்னால் சத்தியப்பிரமாணம் செய்ய வேண்டும். இதற்காகச் சண்டை போடுவது வீண் என்பது என் எண்ணம். பாதுகாப்பு இருந்து கோர்ட்டுக்குப் போனாலும், புது லீசின் வாடகையைக் கோர்ட் சந்தை நிலவரப்படிதான் நிர்ணயிக்கும். மிளகு வாடகை தொடராது. அந்தச் சக்தியைப் பழுதுபார்ப்புப் பிரிவில் செலவழியுங்கள்.

லீசில் யார் கையெழுத்துப் போடுவது? எங்கள் சங்கம் பதிவு செய்யாதது.

இங்கேதான் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். பதிவு செய்யாத சங்கத்துக்குச் சட்டத்தின் கண்ணில் தனி ஆளுருவம் கிடையாது. லீஸ் தனி நபர்கள் பெயரில்தான் வரும், அதிகபட்சம் நான்கு பேர், அறங்காவலர்களாக. தலைவர், செயலாளர், பொருளாளர் என்று உற்சாகமாகக் கையெழுத்துப் போடுவீர்கள். அடுத்த வருடம் பதவி மாறினாலும் லீசில் உங்கள் பெயர் தானாக மாறாது. கூரைக்கான பில் சங்கத்தின் கணக்கில் இருப்பதைவிடப் பெரிதாக இருந்தால், மிச்சத்துக்கு உங்கள் வீட்டுக் கதவைத் தட்டலாம்.

அதனால் முதலில் அமைப்பை மாற்றுங்கள். நோக்கம் பொதுநலம் என்றால், தனி ஆளுருவம் உள்ள 'சிஐஓ' எனப்படும் அறக்கட்டளை அமைப்பு பொருத்தமானது. 2013 முதல் இதைப் பதிவு செய்யலாம், அறக்கட்டளைகளை மேற்பார்வையிடும் சாரிட்டி கமிஷன் ஒன்றிடம் கணக்குக் காட்டினால் போதும். உத்தரவாத வரையறையுள்ள கம்பெனியும் (உறுப்பினர்களின் பொறுப்பு அவர்கள் உறுதியளித்த தொகையோடு நிற்கும்) ஒரு வழி. வருமானம் ஆண்டுக்கு 5,000 பவுண்டுக்குக் கீழே இருந்தாலும் சிஐஓ என்றால் பதிந்தே ஆக வேண்டும். ஒரு எச்சரிக்கை: உறுப்பினர்களின் நலனை மட்டும் பார்க்கும் சங்கத்தை அறக்கட்டளையாக ஏற்க மாட்டார்கள். அந்த வட்டாரத்தில் உள்ள எல்லோருக்கும் ஹால் திறந்திருக்க வேண்டும். பல இடங்களில் குடியிருப்போர் சங்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, ஹாலை நடத்த மட்டும் தனியாக ஒரு சிஐஓ தொடங்குகிறார்கள். அது நல்ல யோசனை. கவுன்சிலைத் திட்டி மனுப் போடும் வேலையைச் சங்கம் பார்த்துக்கொள்ளும், சாவியை சிஐஓ வைத்துக்கொள்ளும்.

வேறு வழியே இல்லை, தனி நபர்கள்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், பொறுப்பு சங்கத்தின் சொத்தளவோடு நிற்கும் என்று ஒரு வரியை லீசில் எழுதச் சொல்லுங்கள்.

"நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும்" என்றுதானே இருக்கிறது? வாங்கும்போது மோசமாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்தானே?

முடியாது. எல்லோரும் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். 1890-இல் ப்ரவுட்ஃபுட் எதிர் ஹார்ட் வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: நல்ல நிலையில் வைத்திருக்கிறேன் என்று ஒப்புக்கொண்டால், நல்ல நிலைக்குக் கொண்டுவரவும் வேண்டும். ஏற்கனவே பழுதாக இருக்கும் கட்டிடத்தை வாங்கினால் அந்தப் பழுதும் உங்களுடையது.

நாங்கள் ஹாலைப் பார்க்கப் போன நாள் நல்ல வெயில். பெரிய அறை பளிச்சென்று இருந்தது. பின்னால் சின்னக் கிடங்கு அறை, மடக்கு நாற்காலிகள் அடுக்கியிருந்தன. நாற்காலிகளை நகர்த்தியபோது தரை விரிப்பில் வாளி அளவுக்கு ஒரு துரு வட்டம் தெரிந்தது. அதைச் சுற்றி விரிப்பு உப்பியிருந்தது. எங்களில் ஒருவர் காலால் தேய்த்துப் பார்த்து, "தேய்த்தால் போய்விடும்" என்றார். மேலே நிமிர்ந்து பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. நவம்பரில் முதல் பெரிய மழை வந்தபோதுதான் அங்கே ஏன் வாளி இருந்தது என்று புரிந்தது. தட்டைக் கூரையில் வடிகால் வாய்க்குப் பக்கத்தில் தார்த்தாள் பிளந்திருந்தது. கவுன்சிலுக்கு எழுதினோம். லீசின் பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு இரண்டு வரியில் பதில் வந்தது. தப்பு அவர்கள் மேல் இல்லை, அப்படித்தான் கையெழுத்துப் போட்டிருந்தோம்.

இதற்குத் தீர்வு 'நிலை அட்டவணை'. லீஸ் தொடங்கும் நாளில் கட்டிடம் எப்படி இருந்தது என்று படங்களோடு ஓர் ஆவணம் தயாரித்து லீசோடு இணைப்பது. அதனுடன் "இந்த அட்டவணையில் காணும் நிலையைவிட மேலான நிலையில் வைக்கக் குத்தகைதாரர் கடமைப்பட்டவர் அல்ல" என்ற வாசகம் லீசுக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் மட்டும் இருந்து வாசகம் இல்லையென்றால் பெரிய பயன் இல்லை. கட்டிட சர்வேயரைக் கூப்பிட்டு இதைச் செய்யுங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. முடிந்தால் மழை நாளில் வரச் சொல்லுங்கள். கூடவே கூரை, வெளிச்சுவர், அஸ்திவாரம், பாய்லர் ஆகியவற்றைக் கவுன்சிலின் பொறுப்பில் விடச் சொல்லிக் கேளுங்கள். எல்லாம் கிடைக்காது. கூரையாவது கிடைத்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கையெழுத்துப் போடுமுன் கவுன்சிலிடம் என்ன காகிதங்கள் கேட்க வேண்டும்?

கடைசி ஐந்து வருடப் பழுதுச் செலவு, மின்சார, எரிவாயு பில்கள், வாடகைக்கு விட்ட வருமானம், மின் இணைப்புச் சோதனை அறிக்கை, கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) பதிவேடு, தீ ஆபத்து மதிப்பீடு, ஆற்றல் சான்றிதழ். கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். இழுத்தடித்தால் 2000-ஆம் ஆண்டுத் தகவல் சுதந்திரச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேளுங்கள். பொதுவாக 20 வேலைநாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

ஆற்றல் சான்றிதழ் மேலோட்டமான விஷயமாகத் தெரியும், ஆனால் மிகத் தாழ்ந்த 'எஃப்' அல்லது 'ஜி' தரத்தில் இருக்கும் வணிகக் கட்டிடத்தை விதிவிலக்கு இல்லாமல் வாடகைக்கு விட 2018 ஏப்ரல் முதல் தடை. பழைய ஹால்கள் இதில் சிக்கும். தரத்தை உயர்த்தும் செலவு கவுன்சிலுடையது என்று பேச உங்களுக்கு நல்ல பிடி.

வியாபார வரி (வீடு அல்லாத கட்டிடங்களுக்கான உள்ளாட்சி வரி) கட்ட வேண்டுமா?

அறக்கட்டளை என்றால், ஹாலை அறப்பணிக்குப் பயன்படுத்தும்வரை 80 சதவீதம் கட்டாயத் தள்ளுபடி. மீதி 20 சதவீதத்தையும் கவுன்சில் நினைத்தால் தள்ளலாம், விண்ணப்பிக்க வேண்டும். அறக்கட்டளை அல்லாத லாபநோக்கற்ற சங்கத்துக்கு முழுத் தள்ளுபடியும் தரலாம், ஆனால் அது அவர்கள் விருப்பம். வாட் (மதிப்புக் கூட்டு வரி) பற்றியும் ஒரு கேள்வி கேட்டு வையுங்கள். கவுன்சில் அந்தக் கட்டிடத்துக்கு வாட் விதிக்கத் தெரிவு செய்திருந்தால் வாடகையோடு 20 சதவீதம் சேரும். மிளகுக்கு வாட் போட முடியாதுதான், ஆனால் காப்பீட்டுப் பில் வேறு கதை.

தீ, கல்நார், பாதுகாப்பு எல்லாம் யார் பொறுப்பு?

சாவி யாரிடமோ, பெரும்பாலும் அவர். 2005 தீப் பாதுகாப்பு ஆணையின் கீழ் 'பொறுப்பாளர்' இனி உங்கள் அமைப்பு. மதிப்பீட்டை எழுத்தில் வைத்திருக்க வேண்டும். 2000-க்கு முன் கட்டிய ஹால் என்றால் கல்நார் இருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். பழுதுபார்க்கும் கடமை யாருக்கோ அவருக்கே அதைக் கண்காணிக்கும் கடமையும் என்று 2012 விதிகள் சொல்கின்றன. நோட்டீஸ் போர்டு மாட்டச் சுவரில் ஓட்டை போடுவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள். 200 பேரோ அதற்கு மேலோ கூடக்கூடிய இடம் என்றால், 2025-இல் வந்த பயங்கரவாதத் தடுப்பு வளாகச் சட்டமும் உங்களைத் தொடும். நடைமுறைக்கு வரக் குறைந்தது 24 மாதம் விட்டிருக்கிறார்கள்.

ஏற்கனவே இருக்கும் பராமரிப்பாளரின் வேலை என்ன ஆகும்?

அவர் அந்த ஹாலுக்காகவே வேலை செய்பவர் என்றால், 2006-இன் வேலை மாற்றப் பாதுகாப்பு விதிகளின்படி அதே சம்பளம், அதே நிபந்தனைகளோடு உங்கள் அமைப்புக்கு மாறி வர வாய்ப்பு உண்டு. ஓய்வூதியக் கணக்கும் பேச்சில் வரும். இதைக் கவுன்சில் கடைசி வாரத்தில்தான் சொல்லும், நீங்கள் முதல் வாரத்தில் கேளுங்கள். ஒருவரை வேலைக்கு வைத்தாலே குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு முதலாளி பொறுப்புக் காப்பீடு கட்டாயம்.

கல்யாணம், பிறந்தநாள், மது, பாட்டு?

லீசின் 'அனுமதித்த பயன்பாடு' வரியை முதலில் பாருங்கள். சமூகப் பயன்பாடு மட்டும் என்று இருந்தால் தனியார் விழாக்களைத் தனியாகச் சேர்க்கச் சொல்லுங்கள், வருமானம் அங்கேதான். மது விற்க, எப்போதாவது என்றால், 499 பேர் வரையிலான நிகழ்ச்சிக்குத் தற்காலிக நோட்டீஸ் போதும். பத்து வேலைநாட்களுக்கு முன் கொடுங்கள். பாட்டுக்கு இசை உரிமம் தனி.

எங்களுக்குப் பிடிக்காத குழுவுக்கு ஹாலைத் தர மறுக்கலாமா?

வாடகை பாக்கி, சேதம் போன்ற காரணங்களுக்கு மறுக்கலாம். மதம், இனம் போன்றவற்றைக் காரணம் காட்ட முடியாது, 2010 சமத்துவச் சட்டம் இருக்கிறது. ஒரே விலைப்பட்டியலையும் ஒரே முன்பதிவு விதியையும் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் சண்டை பாதி குறையும். "நம்ம ஆளுக்கு" என்று ஒரு முறை தள்ளுபடி கொடுத்துப் பாருங்கள், அப்புறம் கமிட்டிக் கூட்டம் வேறு எதைப் பற்றியும் பேசாது.

எங்கள் கமிட்டியில் ஒரு கவுன்சிலர் இருக்கிறார். அவர் மூலம் வேகமாக முடிக்கலாமா?

வேண்டாம். அவர் தன் தொடர்பை அறிவித்துவிட்டு அந்த முடிவிலிருந்து விலகி நிற்பதே அவருக்கும் உங்களுக்கும் நல்லது. நாளைக்கு எதிர்த்தரப்பு ஒருவர் கேள்வி கேட்டால் முழு முடிவையும் மறுபடி எடுக்க வேண்டி வரலாம். பெரிய முடிவு என்றால் கவுன்சில் 28 நாளுக்கு முன்பே அறிவிப்பு வெளியிட வேண்டும். வேகம் என்பது எப்படியும் கனவுதான்.

சாவி வாங்கும் நாளில் என்ன செய்ய வேண்டும்?

இரண்டு பேர் போங்கள். எரிவாயு, மின்சாரம், தண்ணீர் மூன்று மீட்டர்களையும் எண் தெரியும்படி படம் எடுங்கள், தேதியோடு. எண்ணெய்க் கறை, உடைந்த ஓடு, கிடங்கு அறையின் தரை எல்லாவற்றையும் எடுங்கள். சாவிகளை எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள், ஒவ்வொன்றையும் அதன் பூட்டில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். எங்களுக்கு 14 சாவிகள் தந்தார்கள், 9 பூட்டுகள் இருந்தன. தண்ணீர் அடைப்பானின் அலமாரிக்கு மட்டும் சாவி இல்லை. அந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பழைய பராமரிப்பாளருக்குத்தான் தெரியும். அவருடைய தொலைபேசி எண்ணையும் வாங்கி வையுங்கள்.